கடலூர் வண்டியில் ஏறியவர்கள்

மேடையில் கல்லூரி முதல்வர் இருந்தார். அவருக்கு வலது பக்கம் செயலாளர். இடது பக்கம் பெண்கள் விடுதி வார்டன் அம்மா. கீழே முதல் வரிசையில் துறைத் தலைவர்கள். அவர்களுக்குப் பின்னால் மற்ற வாத்தியார்கள். அதற்கும் பின்னால் ஆபீஸ்காரர்கள், லேப் ஆட்கள், நூலகத்து அம்மா. மெஸ் மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தோட்டக்காரர் இருந்தார். வாட்ச்மேன் ஒருவர் இருந்தார், இன்னொருவர் கேட்டில். கடைசி வரிசை டிரைவர்களுக்கு. விருத்தாசலம் வண்டிக்காரர், சீர்காழி வண்டிக்காரர், கம்மாபுரம் வண்டிக்காரர், காட்டுமன்னார்கோயில் வண்டிக்காரன். வரிசை ஓரத்தில் போக்குவரத்து பார்க்கிற சார். அப்புறம் நான். கடலூர் வண்டி.

காட்டுமன்னார்கோயில் வண்டி ஓட்டுகிறவன் என் மச்சான். என் பெண்டாட்டியின் தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். போக்குவரத்து சாரிடம் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். அவன் பெண் கட்டினது காட்டுமன்னார்கோயிலில், வீடும் அங்கேதான். அதனால் அந்த வண்டியை அவனிடம் கொடுத்தார்கள்.

முதல் வருஷத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் முதல்வர் இப்படி ஒரு கூட்டம் போடுவார். வருஷா வருஷம் உண்டு. இந்த செமஸ்டரில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தப் படிப்பு நிரம்பியது, எது நிரம்பவில்லை, விடுதி எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாம் சொல்வார். எங்களையும் கூப்பிடுவார். நல்ல மனுஷன். பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

இந்த வருஷம் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் படிப்பு எல்லாம் நிரம்பிவிட்டது. கட்டடப் படிப்புக்கு ஆள் குறைவு. பெண் பிள்ளைகள் போன வருஷத்தைவிட ஜாஸ்தி. வீட்டில் முதல் முதலாகக் காலேஜுக்கு வருகிற பிள்ளைகளும் ஜாஸ்தி. விடுதியில் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது. மெஸ்ஸில் வாரம் ஒரு நாள் பிரியாணி. மெஸ் மாஸ்டர் எழுந்து கும்பிட்டார். பிள்ளைகள் மைதானத்துக்கு விளக்கு கேட்டார்கள், போட்டுக் கொடுத்துவிட்டோம் என்றார். கைதட்டினோம்.

அப்புறம் சொன்னார்: "லால்பேட்டையிலிருந்து இவ்வளவு பெண் பிள்ளைகள் இதுவரைக்கும் நம்மகிட்ட வந்ததில்ல. ஏன் இந்த வருஷம் வந்தாங்கன்னு அட்மிஷன்ல கேட்டேன். ஒரு அம்மா சொன்னாங்க. அந்த டிரைவர் ஓட்டுறதா இருந்தா அனுப்புறோம்னு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மச்சான் குனிந்துகொண்டான்.

லால்பேட்டை மச்சான் ரூட்டில் இருக்கிறது. அங்கே பாதி வீட்டில் ஆம்பளைகள் வெளிநாட்டில். பொம்பளைகள்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். இவன் என்ன செய்கிறான் என்றால், காலையில் தெருமுனையில் வண்டியை நிறுத்தி அந்தத் தெருப் பெண் வருகிற வரைக்கும் நிற்கிறான். சாயங்காலம் இறக்கிவிட்டு, வீட்டுக்கதவு திறக்கிறதைப் பார்த்த பிறகுதான் எடுக்கிறான். அதைத்தான் முதல்வர் சொன்னார். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். போட்டோ எடுத்தார்கள்.

நானும் கைதட்டினேன். கை வலிக்கிற மாதிரி தட்டினேன். பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு கீறல் கிடையாது. என் பேர் அந்த மைக்கில் வந்ததில்லை.

கடைசியில் முதல்வர் பேப்பரைப் புரட்டினார். "ஒரு கஷ்டமான விஷயம். கடலூர் பக்கம் வண்டியில வர்ற பிள்ளைகள் குறையுறாங்க. டீசல் விக்கிற விலையில காலி சீட்டை இழுத்துக்கிட்டு வர முடியாது. ஆயுதபூஜை லீவு முடிஞ்சு எல்லா வண்டியிலயும் எண்ணிப் பார்ப்போம். இருபத்தஞ்சு பேருக்குக் குறைஞ்சா அந்த ரூட்டை நிறுத்துறோம். டிரைவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். ஸ்பேர்ல வச்சுக்குவோம்."

எல்லா வண்டியும் என்று சொன்னாரே தவிர, அது என் வண்டிதான் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என் நாற்பது சீட்டு வண்டியில் முப்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு.

ஸ்பேர் என்றால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது லீவு போட்டால் அவன் வண்டியை ஓட்டலாம். சம்பளம் வரும். வண்டி வராது. எங்கள் வண்டிகள் ராத்திரி கல்லூரியில் நிற்காது. ரூட் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே, டிரைவர் வீட்டுப் பக்கம் நிற்கும். என் வண்டி திருவந்திபுரத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கும். யாராவது வீடு கேட்டால், பஸ் நிற்கிற வீடு என்று சொல்வார்கள். எனக்கு வேறு அடையாளம் கிடையாது.

கூட்டம் முடிந்து வடை, காபி கொடுத்தார்கள். டிரைவர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் நின்றோம்.

"சால்வ போத்துனவன் ராத்திரி செலவு பண்ணணும்," என்றார் விருத்தாசலம் வண்டிக்காரர்.

"அய்ய, நம்ம கையில என்னா இருக்கு. சால்வயப் புடிங்க, வித்துக் குடிங்க," என்றான் மச்சான்.

"வாணாம்பா. எனக்கு டீ போதும். ஒன் மாமாவுக்கு மட்டும் மோர் வாங்கிக் குடு," என்றார் கம்மாபுரம்.

"ஏன், மாமாவுக்கு மோரு?"

"வயிறு எரியுதுல்ல."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வடையைச் சாப்பிட முடியவில்லை. கையிலேயே வைத்திருந்து காக்காய்க்குப் போட்டேன்.

வீட்டுக்குப் போவதற்குள் போட்டோ போய்விட்டது. என் பெண்டாட்டி செல்லை நீட்டினாள்.

"எந்தம்பிக்கு சால்வ போட்டிருக்காங்க, பாத்தீங்களா?"

"பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்."

"ஒங்களக் காணுமே இதுல."

"எனக்குப் போடல."

செல்லை வாங்கிக்கொண்டாள். அந்தப் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தாள். அவள் செல்லில் அவள் தம்பி. அதில் நான் என்ன சொல்வது. ஆனால் ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்: "அவன் புள்ளைங்ககிட்ட நல்லா பேசுறானாம். நீங்க உம்முனு இருந்தா எவன் ஏறுவான்?"

அவள் சொன்னது பொய்யில்லை. எனக்குப் பேச்சு வராது. என் வண்டியில் பாட்டுக் கிடையாது. நேரத்துக்கு வருவேன், நேரத்துக்கு எடுப்பேன். ஓடி வருகிற பிள்ளைக்காக நிறுத்தினதில்லை. பிள்ளைகள் எனக்கு மணிக்கூண்டு என்று பேர் வைத்திருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் இருக்கிறதே, அது. எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆள் குறைந்ததற்கு நான் மட்டும் காரணமில்லை. டவுன் பஸ்ஸில் பொம்பளைப் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பையன்கள் பைக் வாங்கிவிட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் சிதம்பரத்தில், கல்லூரிக்குப் பக்கமே, இறங்கலாம். மச்சான் ரூட்டில் இதெல்லாம் அவ்வளவு கிடையாது. அவனுக்கு வண்டி நிரம்பும். நின்றுகொண்டு வருகிறார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பார்கள். வயிற்றெரிச்சலும் இருந்தது.

ராத்திரி படுத்தால் அந்தச் சால்வைதான் கண்ணில் நிற்கும். பச்சைக் கரை. முதல்வர் அவன் தோளைத் தட்டினது. அந்த லால்பேட்டை அம்மா யாரென்று தெரியாது, அவர் மேலும் எனக்குக் கோபம். என் வண்டியிலும் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் அம்மாக்கள் யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இருந்தது.

மறு வாரம் நானும் நின்றேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் எப்போதும் லேட். அவளுக்காக நின்றேன். ஓடி வந்து ஏறினாள். என்னைப் பார்த்தாள். "தேங்க்ஸ்ண்ணா" என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தேங்க்ஸ். நன்றாக இருந்தது. முதுநகரில் ரெண்டு பையன்கள் டீக்கடையிலிருந்து கை காட்டினார்கள். அவர்களுக்கும் நின்றேன். டீயைக் குடித்துவிட்டு வந்தார்கள். ஒரு பாட்டுப்பெட்டியும் வாங்கி மாட்டினேன். பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்:

"அண்ணா, ஒங்களுக்கு என்னா ஆச்சிண்ணா? ஒடம்பு நல்லாத்தான இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. காலையில் பாசஞ்சர் ஒன்று போகும். அதற்கு முன்னால் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் கேட் போட்டுவிடுவான். ஒரு ரயில் போய், எதிர் ரயிலும் வந்தால்தான் திறப்பான். லாரி, பஸ் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். நான் நேரத்துக்கு எடுத்ததெல்லாம் அந்தக் கேட்டுக்காகத்தான். மச்சான் ரூட்டில் கேட் கிடையாது. அவன் நிற்கலாம். நான் நிற்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். அவன் நிற்கிறானே என்று நின்றேன்.

கேட்டில் மாட்டினோம். முதல் மணி போய்விட்டது. மறுநாளும் மாட்டினோம். முதல் மணி எடுக்கிற வாத்தியார் கறார். ஆப்சென்ட் போட்டுவிட்டார். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். முன்சீட்டில் உட்கார்கிற, நல்லாப் படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் போனார்கள். ரயில் பாஸ் எடுத்துக்கொண்டார்கள். லேட்டாக வருகிறதுகள் மட்டும் நின்றுவிட்டன. ஒரு பெண்ணின் அப்பா போன் பண்ணினார்.

"நீங்க டயத்துக்கு எடுப்பீங்கன்னுதான் காசு கட்டி ஒங்க வண்டியில விட்டேன். இப்ப நீங்களும் இப்புடின்னா என்னாங்க பண்றது?"

ஆக, ஒரு அப்பா சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்ன ஆள் இருந்திருக்கிறார். மைக் வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பழையபடி நேரத்துக்கு எடுத்தேன். பாட்டுப்பெட்டியைக் கழற்றினேன். போனவர்கள் திரும்பவில்லை. மூன்று மாதப் பாஸ் எடுத்தவன் ஏன் திரும்புவான்.

ஆயுதபூஜை லீவுக்கு முதல் நாள் வண்டிகளுக்குப் பூஜை. கல்லூரியில் அது பெரிய விஷயம். அந்தந்த வண்டிப் பிள்ளைகளே காசு போட்டு ஜோடிப்பார்கள். முதல்வர் ஒவ்வொரு வண்டியாக வந்து சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைப்பார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை எடுப்போம். மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு. எந்த வண்டி நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

மச்சான் வண்டியைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பூ. முன்னால் ரெண்டு முழு வாழைமரம், தாரோடு. பலூன், சீரியல் லைட். முக்காடு போட்ட லால்பேட்டைப் பெண்களும் கலர் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "சாமி கும்பிடறது ஒங்க வேல, ஒட்டுறது எங்க வேல," என்று ஒருத்தி சொல்ல, "ஏணியப் புடிம்மா, நான் வுழுந்தா எந்தச் சாமியும் வராது," என்றான் மச்சான். ஒரே சிரிப்பு.

என் வண்டியை நான் விடியற்காலையில் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தேன். ஒரு சாமந்தி மாலை போட்டேன். பிள்ளைகள் காசு சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த லேட்டாக வருகிற பெண் மட்டும் முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

மச்சான் வேர்த்து ஒழுக வந்தான். கையில் ரெண்டு வாழைக்கன்று.

"மாமா, இது மிஞ்சிடுச்சி. கட்டட்டுமா?"

"வாணாம்."

"சும்மா கெடக்குது மாமா."

"வாணாண்டா. மாட்டுக்குப் போடு."

கன்றுகளை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "மாமா, எண்ணிக்க எவ்ளோ இருக்கும்?"

"இருக்குறது இருக்கும்."

"அக்கா பயப்படுது."

"ஒங்கக்காவ நான் பாத்துக்கறேன்."

போய்விட்டான். மிஞ்சினதை எனக்குக் கட்ட வந்தான். அது மிஞ்சினது இல்லை, எனக்காகவே வாங்கினது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அது இன்னும் எரிந்தது.

லீவு முடிந்தது. எண்ணுகிற நாள் வந்தது.

திருவந்திபுரத்தில் நேரத்துக்கு எடுத்தேன். மஞ்சக்குப்பத்தில் அந்த லேட் பெண் முன்கூட்டியே வந்து நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. முதுநகரில் ஏறினார்கள். ஆலப்பாக்கத்தில் ஏறினார்கள். புதுச்சத்திரத்தில் ஏறினார்கள். கேட்டைத் தாண்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது.

சிதம்பரத்தில் எனக்கு ஆள் கிடையாது. டவுன் பிள்ளைகள் மச்சான் வண்டியில் வருகிறவர்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வருகிற வழியில் அவன் ஏற்றிக்கொள்வான். கல்லூரி ஊரைத் தாண்டி அந்தப் பக்கம். ரெண்டு வண்டியும் பஸ் ஸ்டாண்டு முனையைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

அன்றைக்கு முனையில் ஒரு கூட்டம் நின்றது. என் வண்டிக்குக் கை காட்டினார்கள். நிறுத்தினேன். தடதடவென்று ஏறினார்கள்.

"ஒங்க வண்டி பின்னால வருது," என்றேன்.

"இல்லண்ணா, அந்த அண்ணன் இன்னைக்கு இதுலதான் வரச் சொன்னாரு," என்றான் ஒருத்தன்.

பின்னாலிருந்து ஒரு பெண் மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. "அவரோட மாமாவாம். நாம ஏறலன்னா வண்டி போயிடுமாம். பாவமாம்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது. கியர் போட்டேன். வண்டி நிறைந்திருந்தது. பல வருஷத்துக்குப் பிறகு நிறைந்திருந்தது. வண்டி நிரம்பினால் ஓட்டம் வேறு மாதிரி இருக்கும், பளுவில் அடங்கிப் போகும். காலுக்கே தெரியும். தினமும் இவனுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

கல்லூரி கேட்டில் போக்குவரத்து சார் அட்டை, பேனாவோடு நின்றார். பிள்ளைகள் இறங்க இறங்கத் தலையை எண்ணினார். கடைசி ஆள் இறங்கினதும் சிரித்தார்.

"பரவால்லயே. முப்பத்தஞ்சு. நீ பொழச்சுக்கிட்ட போ."

மச்சான் வண்டியும் வந்து பின்னால் நின்றது. அவன் இறங்கவில்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை, ஒன்றும் காட்டவில்லை. நல்லவன் என்கிற முகம். அந்த முகத்தைத்தான் லால்பேட்டை அம்மா பார்த்திருப்பார். முதல்வர் பார்த்திருப்பார். இனி தினமும் நான் பார்க்க வேண்டும். என் தெருவில் வண்டி நிற்கும், அது அவன் தயவில் நிற்கிற வண்டி. என் பெண்டாட்டி சோறு போடும்போது அது அவள் தம்பி போட்ட சோறு.

இறங்கினேன்.

"சார், சிதம்பரத்துல ஏறுனவங்க என் ரூட் இல்ல."

சார் என்னைப் பார்த்தார். "அதுக்கு என்னாய்யா இப்ப?"

"அவுங்க காட்டுமன்னார்கோயில் வண்டி. இன்னைக்கு மட்டும் ஏறுனாங்க."

"நான் கேட்டனா? நீ எதுவும் சொல்ல வாணாம். போய் வண்டிய உள்ள போடு."

"அவுங்கள எடுத்துட்டு எண்ணுங்க சார்."

மச்சான் வண்டியை விட்டு இறங்கி வந்தான். "மாமா, என்னா பண்றீங்க?"

நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

"சார், மாமா ஏதோ கோவத்துல..."

"எனக்கு ஒரு கோவமும் இல்ல சார். எண்ணுங்க."

சார் பேனாவை மூடினார். திரும்பவும் திறந்தார். "ஒன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்குற. தெரியுதா?"

"தெரியுது."

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "சிதம்பரத்துல ஏறுனவங்க அந்தப் பக்கம் போங்க. கடலூர் ரூட்டு மட்டும் இங்க நில்லுங்க."

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு பிரிந்தார்கள். அந்த மஞ்சக்குப்பம் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். சார் ஒவ்வொரு தலையாகப் பேனாவை நீட்டி எண்ணினார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் எண்ணினார். என்னையும் சொல்லச் சொன்னார். நானும் எண்ணினேன்.

பத்தொன்பது.